பம்பு மேல பழியைப் போடு, மாப்ளே

வாங்க மொதலாளி, வாங்க. அந்தச் சாக்கை அப்பிடி ஓரமா எறக்கி வை. உள்ள பம்புதானே? பைக் சீட்டெல்லாம் ஆயிலு வழிஞ்சு கெடக்கறதைப் பாத்தாலே தெரியுது. கழட்டுன ஓட்டைக்கு ஒரு மூடி போடோணும்னு உனக்குத் தோணலை. ஆயுத பூஜையன்னிக்கு அதே பம்புக்குச் சந்தனப் பொட்டு வைக்க மட்டும் தோணியிருக்குது. இந்த வருசத்துல இது எத்தனாவது பம்புன்னு கேக்கலாம்னு பாத்தேன். வேண்டாம் உடு, வெசனப்படுவே.

"கடைக்காரன் டூப்ளிகேட்டைக் குடுத்துட்டானுங் மாமா." போனவாட்டியும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்துன பம்பு ஒரிஜினலு, அது போனப்ப "எடம் செரியில்லீங்"ன்னே. போர் போடற ரிக்கு வண்டி நிக்கற திக்கைக்கூட மாத்திப் பாத்தியாமா, உன்ற டிரைவரு சொன்னான். எல்லாத்தையும் மாத்துனே. டேங்கு மூடியை மட்டும் நீ தொறந்து பாக்கவே இல்லை.

பம்பு அதுவா சாகறது கம்மி மாப்ளே. நாமதான் கொல்றோம். கொன்னுபோட்டு, சாக்குல சுத்தி, இங்க கொண்டாந்து போட்டு, "இது சொத்தைங்"ங்கறோம். கொலை நடக்கறது பூராவும் பம்பு உறிஞ்சற பக்கம். டேங்கு, பிரீதரு, ஸ்ட்ரெய்னரு, சக்ஷன் ஹோசு. அந்தப் பக்கம் எவனும் எட்டிப் பாக்கறதில்லை. அங்க கேஜும் கெடையாது, பில்லுப் போட்டு வாங்கறதுக்குப் பெருசா ஒரு பார்ட்டும் கெடையாது. அப்பறம் மெக்கானிக்கு எதுக்கு அந்தப் பக்கம் போறான்?

வந்ததும் வராததுமா "பம்பு பிரஷர் குடுக்க மாட்டேங்குது"ன்னியே, பம்பு எப்பப்பா பிரஷர் குடுத்துச்சு? அது எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான் அதோட சோலி. தள்ளற எண்ணெய்க்கு எதுத்தாப்ல பாரம் நின்னாத்தான் பிரஷர் ஏறும். ராடு பாறைல முட்டுனா ஏறும், சும்மா தொங்குனா ஏறாது. நடுவால, பிரஷர் மீறுனா எண்ணெயைத் திருப்பி உடற ரிலீஃப் வால்வு சீட்டுல ஒரு துரும்பு மாட்டிக்கிச்சுன்னு வையி, தள்ளற எண்ணெய் பூராவும் டேங்குக்கே திரும்பிப் போயிரும். பம்பு தங்கமா இருந்தாலும் கேஜ் முள்ளு எந்திரிக்காது. நீ என்ன பண்ணுவே? புதுப் பம்பு வாங்கி மாட்டுவே. மாட்டறப்ப மெக்கானிக்கு அந்த வால்வையும் கழட்டித் தொடைச்சுப் போட்டிருப்பான். வண்டி பிச்சுக்கிட்டு ஓடும். "பாத்தீங்களா மாமா, பம்புதான்"னு எனக்கே போன் பண்ணுவே. நானும் "ஆமாங் கண்ணு"ம்பேன். ஊட்டு மாப்பிள்ளை சொல்றதை மறுத்துப் பேச முடியுமா?

அதைவிடப் பெரிய கூத்து அந்த ஜாக்கி சமாச்சாரம். ராத்திரி வண்டியை ஜாக்கில நிப்பாட்டிட்டுப் படுத்திருக்கறானுக, வெடியால பாத்தா ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது. ஒடனே உன்ற போனு, "பம்பு போச்சுங்". ஏஞ் சாமி, இஞ்சின் ஆஃப்ல கெடக்குது, பம்பும் தூங்குது, நீயும் தூங்கறே. தூங்கற பம்பு எந்திரிச்சு வந்து ஜாக்கியை எறக்குச்சாக்கு? ஜாக்கி தானா எறங்குனா அந்த ஜாக்கி மேல இருக்கற லாக் வால்வையோ, சிலிண்டருக்குள்ள சீலையோ பாரு. பம்பு அன்னைக்கு ராத்திரி சம்பவ எடத்துலயே இல்லை.

ஒரு கணக்குச் சொல்றேன், இதுக்கு மீட்டரும் வேண்டாம் கம்ப்யூட்டரும் வேண்டாம். ராடை எறக்கி ஏத்தற ஃபீடு, அதைச் சுத்தற ரொட்டேஷன், நாலு ஜாக்கி, எல்லாமே மெதுவானா, எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறதைத் தேடு: ஆயில் அளவு, சக்ஷன், மெயின் ரிலீஃப், கடைசியாப் பம்பு. ஒண்ணு மட்டும் மெதுவானா அந்த லைன்ல போயித் தேடு. ரொட்டேஷன் ஜம்முனு சுத்துது, ஃபீடு மட்டும் சொணங்குதுன்னா பம்பை எதுக்குக் கழட்டறே? ரெண்டுக்கும் தனித்தனிப் பம்பு போட்ட வண்டியா இருந்தா, அதையும் மொதல்ல தெரிஞ்சுக்கோ. வண்டி வாங்கி இத்தனை நாளாச்சு, எத்தனை பம்பு இருக்குதுன்னு கேட்டதுக்கு நீ டிரைவரு மூஞ்சியைப் பாத்தே பாரு, அதைத்தாஞ் சொல்றேன்.

செரி, காதைத் தீட்டிக்கோ, சத்தத்துக்கு வர்றேன். தகர டப்பால கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குனாப்பல பம்பு கத்துச்சுன்னா அதுக்கு எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம். டேங்கு நெறைய இருந்தாலும் பம்பு வாய்க்கு வந்து சேரலை. உறிஞ்சி உறிஞ்சிப் பாக்குது, வரலை, உள்ள வெறும் எடம் உண்டாகி எண்ணெயே ஆவியாகிக் குமிழு கட்டுது. அந்தக் குமிழு பிரஷர் பக்கம் போனதும் படார் படார்னு ஒடையும். ஒடையற வேகத்துல இரும்பையே கொத்தி எடுத்துரும். இன்னொரு சத்தம் இருக்குது. ஒரு சீரா வராது, ஏறும் எறங்கும், ராடு விட்டு விட்டு எறங்கும், டேங்குல நொரை பொங்கும். அது வெளிக்காத்தை உறிஞ்சற சத்தம். சக்ஷன் பக்கம் எங்கியோ ஒரு ஜாயிண்டு லூசு.

இதுல ஒரு கள்ளத்தனம் இருக்குது பாரு. பிரஷர் பக்கம் லூசானா எண்ணெய் வெளிய ஒழுகிக் காட்டிக் குடுத்துரும். சக்ஷன் பக்கம் லூசானா ஒரு சொட்டும் வெளிய வராது, காத்துத்தான் உள்ள போகும். கியர் பம்போட சாஃப்ட் சீலு தேஞ்சாலும் அதே கதைதான். அதனாலதான் உன்ற மெக்கானிக்கு எட்டு முழம் தள்ளி நின்னு பாத்துட்டு "எங்கியும் லீக்கு இல்லீங்"ங்கறான். இஞ்சினை ஐடில்ல உட்டுட்டு, விரல்ல கிரீஸை எடுத்து, சுத்தற சாஃப்ட் பக்கம் கையைக் கொண்டு போகாம, சக்ஷன் கிளாம்பு ஒவ்வொண்ணா அப்பிக்கிட்டே வா. எந்த எடத்துல அப்பறப்ப சத்தம் அடங்குதோ அங்கதான் ஓட்டை. அஞ்சு ரூவாக் கிரீஸு. இதைச் சொல்லிக் குடுத்தா மெக்கானிக்கெல்லாம் என்னை ஊரை உட்டே தொரத்திப் போடுவானுக.

எண்ணெய் மோராட்ட வெளுத்துப் போனா ஒடனே தண்ணி கலந்துருச்சுன்னு பேரலோட கொட்டிராதே. ஒரு கண்ணாடிப் பாட்டில்ல புடிச்சு ராத்திரி பூரா அசைக்காம வையி. காத்தா இருந்தா வெடியறதுக்குள்ள தெளிஞ்சிரும். தெளியாமக் கலங்கலாவே நின்னா, இல்லை அடியில தண்ணி பிரிஞ்சு நின்னா, தண்ணிதான். அப்பவும் சந்தேகமுன்னா சூடான தகட்டுல ஒரு சொட்டு உட்டுப் பாரு. படபடன்னு பொரிஞ்சா தண்ணி. உங்கத்தை தோசைக்கல்லுல இந்தச் சோதனையைப் பண்ணிப்போடாதே, அதுக்கப்பறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்லை.

தண்ணி எங்கிருந்து வருதுங்கறியா? உன்ற செட்டுக்கு வெளிய பேரலை நட்டக்குத்தலா நிறுத்தி வெச்சிருக்கறியே, அதுலிருந்துதான். மழை பேஞ்சா மூடி மேல தண்ணி தேங்கி நிக்கும். பகல் வெய்யலுக்குப் பேரல்ல இருக்கற காத்து விரியும், ராத்திரி குளுந்தா சுருங்கும். சுருங்கறப்ப மூடிச் சந்து வழியா அந்தத் தண்ணியை உள்ள இழுத்துக்கும். பேரலைப் படுக்கப் போடு, ரெண்டு மூடியும் படுத்த வாக்குல எண்ணெய் மட்டத்துக்குள்ள இருக்கறாப்பல. இல்லாட்டிக் கூரைக்குள்ள உருட்டு. சீல் ஒடைக்காத பேரல் எண்ணெயே பம்புக்குப் பத்தற சுத்தம் கெடையாது, வடிகட்டித்தான் ஊத்தோணும். நீ ஊத்தற பக்கெட்டை நான் பாத்திருக்கறேன். அதுல கிரீஸு இருந்துச்சு, டீசல் இருந்துச்சு, போன நோம்பிக்குக் கரைச்ச சுண்ணாம்பும் ஓரத்துல ஒட்டியிருந்துச்சு.

நம்ம திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி போகாத சீமை இல்லை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு போயிக் கல்லை ஓட்டை போட்டுட்டு வருது. போர் போடறப்ப கம்ப்ரஸர் காத்துல கல்லுமாவு வெள்ளையாப் பொங்கி வருதே, பாத்திருப்பே. பாக்காம என்ன, அதுக்கு முன்னால நின்னு செல்பி எடுத்துத்தானே ஸ்டேட்டஸ் வெக்கறே. அந்த மாவு எங்க போயி எறங்குதுன்னு நெனைச்சே? டேங்கு மேலதான். ஃபீடு சிலிண்டரு நீள்றப்ப டேங்குல எண்ணெய் மட்டம் எறங்கும், சுருங்கறப்ப ஏறும். எறங்கறப்ப வெளிக்காத்து உள்ள வந்துதானே ஆகோணும்? அதுக்குத்தான் பிரீதருன்னு ஒரு மூடி. அதுக்குள்ள ஃபில்டரு இருக்கும்.

உன்ற வண்டில அந்த பிரீதரு மேல சந்தனத்தை அப்பி, குங்குமம் வெச்சு, காஞ்சு கல்லாட்ட இறுகிக் கெடந்துச்சு. டேங்கு மூச்சு உட முடியாம, பம்பு உறிஞ்ச முடியாம, கத்து கத்துன்னு கத்திச் செத்துது. அப்பறம் யாரோ ஒரு புண்ணியவான் பிரீதரையே கழட்டி வீசிட்டுத் துணியைச் சொருகி வெச்சான். இப்ப மூச்சு நல்லா வருது, கல்லுமாவும் கூடவே வருது. அர்த்தநாரீஸ்வரர் மலையேறிப் போயிக் கும்புட்டது செரி, வேண்டாங்கலை. ஒரு பிரீதரு என்ன வெலைன்னும் கடையில கேட்டிருக்கலாம்.

கல்லுமாவுதானே, சலிச்சாத் தெரியாத அளவுக்கு நைஸா இருக்குது, அது என்ன பண்ணிப்போடும்னு கேப்பே. நைஸா இருக்கறதுதான் வெனை. மனுசக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. மில்லிமீட்டரை ஆயிரமாப் பங்கு வெச்சா ஒரு பங்கு மைக்ரான். தலைமுடியே சுமாரா 70. பம்புக்குள்ள கியருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல எண்ணெய் நிக்கற சந்து பத்து மைக்ரானுக்கும் கீழ. கண்ணுக்குத் தெரியற தூசியைக் கண்டா நீ தொடைச்சிருவே. தெரியாததுதான் அந்தச் சந்துக்குள்ள பூந்து அரைக்கும். தொடைக்கறதும் எதுல? பனியன் வேஸ்ட்டுல. திருப்பூர்க்காரன் பனியன் தைச்சுப் போட்ட மிச்சம், அந்த எழவு நூலு நூலாப் பிரியும். அந்த நூலு போயி ரிலீஃப் வால்வு சீட்டுல உக்காந்துக்கும். நூலு உடாத துணியில தொடை.

இந்தா, சாக்கைப் பிரி. போல்ட்டைக் கழட்டு, நான் சொல்றதை நம்ப வேண்டாம், பம்பே சொல்லட்டும். இந்த மஞ்சத் தகட்டைப் பாரு. வட்டம் வட்டமா மயிரிழை கோடு. நகத்தைக் குறுக்க ஓட்டு. தட்டுதா? கல்லுமாவு. பொத்தல் பொத்தலாக் கொத்தியிருந்தா எண்ணெய் பத்தாமச் செத்ததுன்னு அர்த்தம். நீலம் பாரிச்சிருந்தா சூடு. இப்ப பாடிக்குள்ள விரலை உடு, சக்ஷன் பக்கச் செவுத்துல. கியர் பல்லு வெட்டுன தடம் இருக்குதா? பிரஷரு கியரை எப்பவும் சக்ஷன் பக்கமாத்தான் தள்ளும், லேசாத் தடம் இருக்கறது சகஜம். இது லேசா இல்லை கண்ணு, படிக்கட்டே கட்டியிருக்குது. எவனோ ரிலீஃப் ஸ்குருவை முறுக்கிப் பிரஷரை ஏத்தியிருக்கறான்.

யாருன்னு கேக்க மாட்டேன். ரிக்குல ஏறுன ஒவ்வொருத்தனும் கைராசிக்கு ஒரு சுத்து முறுக்கிட்டுத்தான் எறங்கறான். கேஜ் மாட்டாம அந்த ஸ்குருவைத் தொடற கையில ஸ்பேனரால போடோணும். வண்டிக்கு என்ன பிரஷருன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அது பத்தலைன்னா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம், முறுக்கோணும்னு அர்த்தமில்லை.

செரி, எல்லாப் பாவத்தையும் உன்ற தலையிலயே போட்டா உங்காத்தா என்கிட்டச் சண்டைக்கு வரும். நெசமாவே பம்பு தேயறதும் உண்டு. காத்தால நல்லா ஓடி, மத்தியானம் சூடேறுனா எல்லாமே சொணங்குதுன்னா அப்ப பம்பு மேல சந்தேகப்படு. நீ ஊத்தற 68 நம்பரு எண்ணெய் இருக்குதே, அந்த 68ங்கறது 40 டிகிரில அதோட கெட்டி. 100 டிகிரில அது எட்டு, எட்டரைக்கு வந்துரும். தேஞ்ச பம்புல சந்து பெருசு, எளகுன எண்ணெய் உள்ளுக்குள்ளயே திரும்பி ஓடிரும். அப்பவும் ஃப்ளோ மீட்டர் வெச்சு அளந்துட்டு முடிவு பண்ணு. பிஸ்டன் பம்பா இருந்தா, உள்ள கசியற எண்ணெய் வெளிய வர்ற கேஸ் டிரெயின் ஹோசைக் கழட்டிப் பாட்டில்ல புடிச்சா, நிமிசத்துக்கு எவ்வளவு வருதுன்னு அதுவே சொல்லிரும். சூடு 80 டிகிரிக்கு மேல போனா சீலெல்லாம் வெறைச்சுப் போகும். கூலர்ல ஈ, எறும்பு, புழுதி எல்லாம் குடியிருந்தா சூடேறாம என்ன பண்ணும்? அதுல காத்தடிக்கக்கூட உனக்கு முகூர்த்தம் பாக்கோணும்.

பேப்பர் ஃபில்டரை டீசல்ல கழுவிக் காத்தடிச்சு மறுக்கா மாட்டறதை எவன் சொல்லிக் குடுத்தான்? கழுவலாம்னா கம்பி வலை ஸ்ட்ரெய்னரை மட்டும் கழுவு. பேப்பர்ல காத்தடிச்சா கண்ணு பெருசாகும், மாவு எல்லாம் சலிப்பே இல்லாம உள்ள போகும். ஹாரி ஃபெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரரு இருந்தாரு. டிராக்டருக்குப் பின்னால கலப்பையை ஹைட்ராலிக்குல தூக்கற முறையைக் கொண்டாந்தவரு, நம்ம ஊர்ல ஓடற மாஸி டிராக்டர்ல இருக்கற ஃபெர்குசனே அவருதான். தன்ற ஹைட்ராலிக் வேலையை ஃபோர்டு கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான்னு அமெரிக்காவுல கேசு போட்டு, வருசக்கணக்கா இழுத்து, 1952ல 92.5 லட்சம் டாலரை வாங்கிட்டுத்தான் உட்டாரு. அந்த மனுசன் ஹைட்ராலிக்குக்காகக் கடல் தாண்டிக் கோர்ட்டுக்குப் போனாரு. நீ ஒரு ஃபில்டருக்காக ஈரோடு ரோடு கடைக்குப் போக மாட்டேங்கறே.

இனிச் சொல்றதுல வெளையாட்டு இல்லை, போனைக் கீழ வையி. ஹோசுல புகையாட்டம் எண்ணெய் பீச்சுதுன்னா ஓட்டை எங்கன்னு கையை வெச்சுத் தடவாதே. லாரி டயர்ல எட்டு பார் பிரஷர், இங்க 200. ஊசிமுனை ஓட்டைல வர்ற எண்ணெய் தோலைத் தொளைச்சுச் சதைக்குள்ள போயிரும், கிளவுஸ் போட்டாலும் போகும். மொதல்ல சின்னதா ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் எச்சா இருக்காது. சில மணி நேரத்துல கை வீங்கி, விரலையே எடுக்கற நெலமைக்கு வந்துரும். அட்டையை நீட்டி ஓட்டையைத் தேடு. மேல பட்டுருச்சுன்னா ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. "என்னமோ குத்திருச்சு"ன்னு சொல்லாதே, பிரஷர் எண்ணெய் உள்ள பாஞ்சிருச்சுன்னு டாக்டருகிட்டத் தெளிவாச் சொல்லு. எந்த ஹோசைக் கழட்டறதுனாலும் பாரத்தைக் கீழ எறக்கி, இஞ்சினை நிறுத்தி, எல்லா லீவரையும் முன்னப் பின்ன ஆட்டிட்டுக் கழட்டு. உன்ற பசங்ககிட்டயும் இதைச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், நீயே கண்டுபுடிச்சதாச் சொல்லிக்கோ.

அந்த சக்ஷன் ஹோசு மறந்தே போச்சு. கெணத்து மோட்டருக்குப் போடற பச்சை ஹோசை வெட்டி மாட்டியிருக்கறியே, அது சூட்டுல எளகி, உறிஞ்சறப்ப சப்பி ஒட்டிக்கும். நிறுத்தறப்ப மறுபடி உப்பிக்கும், அதனால நீ பாக்கறப்ப எப்பவும் நல்லவனாட்டவே இருக்கும். உள்ள கம்பிச் சுருள் வெச்ச சக்ஷன் ஹோசு வாங்கு.

புதுப் பம்பு மாட்டறப்ப வறட்டுத் தொண்டையோட ஸ்டார்ட் பண்ணிராதே. சக்ஷன் லைனை நெரப்பு, பம்புக்குள்ளயும் எண்ணெய் ஊத்து, பிஸ்டன் பம்புன்னா கேஸை ரொப்பாம சாவியையே தொடாதே. கையால சாஃப்டைச் சுத்திப் பாரு. பாரமில்லாம ஐடில்ல சித்தெ ஓடட்டும், காத்து போகட்டும். 50 மணி நேரம் ஓடுனதும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழட்டி வெட்டிப் பாரு, உள்ள என்ன மினுக்குதுன்னு.

பம்பு வெலைதானே கேக்கறே? இப்ப சொல்ல மாட்டேன். நாளைக்கு வெடியால டேங்கை வடிச்சு, பக்க மூடியைத் தொறந்து, அடியில இருக்கற சேத்தை வழிச்செடு. தண்ணி, சோப்பு ஒண்ணும் போடாதே. கடைசியாக் கோதுமை மாவைக் கெட்டியாப் பெசஞ்சு உருண்டை புடிச்சு, உள்சுவரு பூரா ஒத்தி ஒத்தி எடு. துணிக்கு ஆகாத தூசியெல்லாம் மாவுல ஒட்டிக்கிட்டு வந்துரும், பெரிய ஃபேக்டரிலயே அப்பிடித்தான் பண்றானுக. உருண்டை வெள்ளையாவே திரும்பி வந்ததும் போன் பண்ணு, வெலை சொல்றேன். மாவு உங்கத்தைகிட்ட ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போ. சப்பாத்திக்குன்னு மட்டும் சொல்லிராதே, கூடவே குருமாவும் குடுத்துட்டு எப்ப சாப்புடுவேன்னு பத்துத்தடவை போன் பண்ணும்.